ஓவியர் கார்க்கியும் அவர் அன்னையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ரயில்வே அலுவலகத்தில் பார்சல் கணக்கு எழுதும் குமாஸ்தா ஒருவனை அழைத்து, 'கலையைப் பற்றிப் பேசுக' என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது யாம் திகைத்தோம். எம் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. தூரிகை பிடித்து அறியோம். கோடிட்ட பேரேட்டில் எண்களை நேராக எழுதுவதொன்றே எம் கை பயின்ற சித்திரம். ஆயினும் சென்ற மழைக்காலத்தில், நம் இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் ஒரு பெரிய ஓவியப் புத்தகத்தைப் புரட்டியபோது கண்ட இரு படங்கள் எம்மை விட்டு அகலவில்லை. அவற்றைப் பற்றிப் பேசலாம் எனத் துணிந்து ஒப்புக்கொண்டோம். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

முதற்படம் ஒரு பழைய புகைப்படம். 1912-ஆம் ஆண்டில் எடுத்தது. தாய் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். தலையில் முக்காடு. உடையின்மேல் பூவேலை நிறைந்த நீண்ட ஏப்ரன். அருகே அவள் மகன், எட்டு வயதுச் சிறுவன், கோட்டு அணிந்து நிற்கிறான். அவன் கையில் சிறு பூங்கொத்து. இருவர் முகத்திலும் சிரிப்பில்லை. இருவரும் நேரே நம்மைப் பார்க்கின்றனர்.

இரண்டாவது படம், அதே தாயையும் மகனையும் வண்ணத்தில் தீட்டிய ஓவியம். அமர்ந்த நிலையும் நின்ற நிலையும் அவ்வாறே உள்ளன. ஆனால் இரண்டு வேறுபாடுகள் எம் கண்ணில் பட்டன. தாயின் ஏப்ரனில் ஒரு பூவும் இல்லை. வெறும் வண்ணப் பரப்பாக விட்டிருக்கிறார். அவள் கைகளுக்கு விரல்கள் இல்லை. வெள்ளைத் துணியால் சுற்றியவை போல மங்கிக் கிடக்கின்றன. முற்றுப்பெறாத படம் போலும் என்று எண்ணிக் கீழே பார்த்தோம். 1926 முதல் 1936 வரை தீட்டியது என அச்சிட்டிருந்தது. பத்தாண்டுகள் தீட்டியவர் தாயின் கைகளை ஏன் முடிக்கவில்லை? ஏப்ரனின் பூக்கள் எங்கே போயின? இவ்விரு வினாக்களே இன்றைய எம் பேச்சின் பொருள்.

ஓவியரின் பெயர் ஆர்ஷில் கார்க்கி. அமெரிக்க ஓவியர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் அவர் அமெரிக்காவில் பிறந்தவரல்லர். அது அவருடைய இயற்பெயரும் அன்று. அவர் ஆர்மீனியர். பெற்றோர் இட்ட பெயர் வோஸ்டானிக் அதோயன்.

ஆர்மீனியர் என்றதும், நமக்குத் தொடர்பில்லாத தூரத்து மக்கள் என எண்ண வேண்டா. சென்னைப் பாரிமுனைக்கருகில் ஆர்மீனியன் தெரு உள்ளது. அதைத் தமிழ் மக்கள் அரண்மனைக்காரத் தெரு என்று வழங்கினர். ஆர்மீனியன் என்ற சொல் நம் நாவில் புரண்டு அரண்மனைக்காரன் ஆயிற்று! அத்தெருவில் 1772-ஆம் ஆண்டின் ஆர்மீனிய மாதாகோயில் இன்றும் நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை அச்சானதும் நம் சென்னையில்தான், ஆண்டு 1794. நாம் வாழும் இவ்வங்கநாட்டிலும், கல்கத்தாவில் 1724-இல் எழுந்த அவர்கள் கோயில் உண்டு. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று, சென்ற இடத்தில் கோயிலும் அச்சுக்கூடமும் கண்ட மக்கள் அவர்கள். அவர்தம் கதை நம் காலனியில் வாழ்வோர்க்கு எளிதில் விளங்கும்.

துருக்கியின் கிழக்குப் பகுதியில் வான் ஏரி என்றொரு பேரேரி உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், மலைகள் சூழ, உவர்நீர் நிரம்பிக் கிடப்பது. அக்காலத்தில் அது ஒட்டோமான் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அதன் கரையிலுள்ள கோர்கோம் என்னும் சிற்றூரில் 1904-ஆம் ஆண்டை ஒட்டி நம் ஓவியர் பிறந்தார். அவ்வேரியின் தீவொன்றில் அக்தமார் கோயில் நிற்கிறது. கி.பி. 915 முதல் 921 வரை கட்டிய கற்கோயில் அது. சோழநாட்டில் முதற் பராந்தகன் ஆண்ட காலம். அதன் வெளிச்சுவரெங்கும் மாந்தரும் விலங்கும் திராட்சைக் கொடியும் புடைப்புச் சிற்பங்களாய் நிறைந்துள்ளன. கல்லில் உருவங்கள் வாழும் நாட்டில் அச்சிறுவன் வளர்ந்தான்.

அவனுடைய தந்தை 1908-ஐ ஒட்டி அமெரிக்கா சென்றார். மனைவியும் மக்களும் ஊரில் தங்கினர். பிறகு தாய் ஷுஷான் மக்களை அழைத்துக்கொண்டு வான் நகரில் குடியேறினாள். அங்கு எடுத்ததே யாம் முன்னர்க் குறிப்பிட்ட புகைப்படம். கடல்கடந்த தந்தைக்கு அனுப்புவதற்காக எடுத்தது. 'நாங்கள் இருக்கிறோம், எங்களை மறவாதீர்' என்று வாய்விட்டுச் சொல்லாமல் சொல்லும் படம். மணியார்டருக்கும் கடிதத்துக்கும் காத்திருந்த தாய்மார் நம் குடும்பங்களிலும் உண்டு. ஆதலின் இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

படம் எடுத்த மூன்றாம் ஆண்டில் ஊழிக்காற்று வீசியது. 1915-இல், முதல் உலகப் போரின் நடுவே, ஒட்டோமான் அரசு தன் ஆட்சியிலிருந்த ஆர்மீனிய மக்களை அழிக்கத் தலைப்பட்டது. ஊர் ஊராக ஆடவர் கொல்லப்பட்டனர். பெண்டிரும் குழந்தைகளும் பாலைநிலம் நோக்கி விரட்டப்பட்டனர். மாண்டோர் பத்து லட்சத்துக்கு மேல் என்பது வரலாற்றறிஞர் பலரின் கணிப்பு. வான் நகரத்து ஆர்மீனியர் ஏப்ரல் முதல் மே வரை தம் தெருக்களிலேயே அரண் அமைத்து எதிர்த்து நின்றனர். பின்னர் ருஷ்யப் படை வந்து அவர்களைக் காத்தது. ஆனால் கோடையில் அப்படை பின்வாங்கியபோது, ஊர் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் அதன் பின்னே புறப்பட்டனர். ஷுஷானும் தன் மக்களுடன் நடந்தாள். பல நாள் நடந்து, மலை கடந்து, ருஷ்ய எல்லைக்குள் இருந்த எரெவான் பகுதியை அடைந்தனர்.

1916-இல் மூத்த பெண்கள் இருவர் அமெரிக்காவுக்குத் தந்தையிடம் சென்றனர். தாயும் மகனும் இளையவள் வார்தூஷும் எஞ்சினர். 1918-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அகதிகள் குவிந்த அந்நாட்டைப் பஞ்சம் பிடித்தது. 1919 மார்ச்சு மாதத்தில் அத்தாய் பசியால் உயிர் நீத்தாள். அவளுக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. மகனுக்கு வயது பதினைந்து. மறு ஆண்டு, 1920 பிப்ரவரியின் இறுதியில், அண்ணனும் தங்கையும் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினர்.

நிற்க. இவ்விடத்தில் எம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். அப்புத்தகத்தை யாம் மூடி வைக்க முடியாமற் போனமைக்கு அதுவே காரணம்.

1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன் நகரின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அதன்பின் சில மாதங்களில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவருள் தமிழர் மிகப் பலர். கப்பலில் இடம் கிடைத்தோர் சிலரே. ஏனையோர் காடும் மலையும் கடந்து நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். எம் தந்தையாரைப் பெற்ற பாட்டியார் அப்போது பத்து வயதுச் சிறுமி. தமு வழியாக மணிப்பூர் மலைகளைக் கடந்து, இன்று திமாப்பூர் என வழங்கும், அன்று மணிப்பூர் ரோடு எனப் பெயர்கொண்ட ஸ்டேஷனில் அவர் ரயிலேறினார். ரங்கூனிலிருந்து புறப்படுகையில் அவர் தாயார் உடனிருந்தார், ரயிலேறுகையில் இல்லை. இடையில் நிகழ்ந்ததை எம் பாட்டியார் ஒருநாளும் சொன்னதில்லை. கட்டிலுக்கடியில் ஒரு தகர டின்னில் வறுத்த அரிசியை மட்டும் எப்போதும் வைத்திருப்பார். அந்த டின்னைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம். இப்போது ஓவியரிடம் திரும்புவோம்.

அமெரிக்காவில் இறங்கிய அவ்விளைஞர் முதலில் ஒரு ரப்பர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மனம் படம் வரைவதிலேயே இருந்தது. 1924-ஐ ஒட்டி நியூயார்க் சேர்ந்தார். 1926 முதல் ஓர் ஓவியப் பள்ளியில் ஆசிரியரும் ஆனார். இதற்கிடையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. வோஸ்டானிக் அதோயன் என்ற பெயரை அவர் களைந்தெறிந்தார். ஆர்ஷில் கார்க்கி என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். புகழ்பெற்ற ருஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் உறவினர் என்றும் சொல்லிக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவெனில், கார்க்கி என்பது அவ்வெழுத்தாளரின் இயற்பெயரும் அன்று; அது புனைபெயர். ருஷ்ய மொழியில் அச்சொல்லுக்குக் கசப்பு என்று பொருள். ஆர்மீனியர் என்பதை மறைத்தார். பிறந்த ஆண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார். மணந்த மனைவிக்குக்கூட அவர் இயற்பெயர், அவர் மறைந்த பின்னரே தெரிய வந்தது.

பொய்யர் என்று அவரை எளிதில் இகழலாம். யாம் இகழோம். அக்கால அமெரிக்கச் செய்தித்தாள்களில் 'பட்டினி கிடக்கும் ஆர்மீனியர்' என்பது தேய்ந்த வழக்காயிற்று. பரிந்து கொடுக்கும் பிச்சையின் பெயராயிற்று. தாயைப் பசிக்கு இழந்த பிள்ளைக்கு அப்பெயரில் உலவ மனம் வந்திராது என்றே கருதுகிறோம்.

பிறர் பெயரில் ஒளிந்தவர், முதலில் பிறர் பாணியிலும் ஒளிந்தார். செசான் என்னும் பிரெஞ்சு ஓவியரைப் போலவே பல ஆண்டு தீட்டினார். பிறகு பிக்காசோவைப் போலத் தீட்டினார். சொந்தச் சரக்கில்லாதவர் எனச் சிலர் நகைத்தனர். ஆனால் ஒரேயொரு படத்தில் மட்டும் அவர் யாரிடமும் இரவல் வாங்க இயலவில்லை. தந்தையின் வீட்டில் இருந்த அந்தப் பழைய புகைப்படம் அவர் கைக்கு வந்தது. 1926-ஐ ஒட்டி, ஏறத்தாழ 5 அடி உயரமுள்ள இரண்டு கித்தான்களில் தாயையும் தம்மையும் தீட்டத் தொடங்கினார். ஒன்றைப் பத்தாண்டும், மற்றொன்றை 1942 வரையிலும் வைத்துக்கொண்டு திருத்தித் திருத்தித் தீட்டினார். வண்ணம் பூசுவார், காய்ந்ததும் சவர பிளேடால் சுரண்டி வழவழப்பாக்குவார், மீண்டும் பூசுவார். அதனால் தாயின் முகம் பீங்கான் போல் பளபளக்கிறது. இன்று முன்னது நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்திலும், பின்னது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும் உள்ளன.

முகத்தை அவ்வளவு முறை தீட்டியவர் கைகளை ஏன் விட்டார்? அறிஞர்கள் பல விளக்கம் கூறுவர். எம் சிற்றறிவுக்குப் பட்டதைச் சொல்கிறோம். முகம் புகைப்படத்தில் இருந்தது, பார்த்துத் தீட்டலாம். கைகளோ அவர் நினைவில் இருந்தன. பஞ்ச நாளில் வெறுமையாகிவிட்ட கைகள் அவை. பார்த்துத் தீட்டக்கூடியதைத் தீட்டினார். பார்க்க முடியாததை வெண்மையாக விட்டார். பூக்களும் அவ்வாறே. மகிழ்ச்சியான காலத்தின் பூக்களை அந்தத் தாயின்மேல் மீண்டும் இட அவர் கை அப்போது துணியவில்லை.

1930-களில் அமெரிக்காவில் வேலையின்மை தலைவிரித்தாடியபோது, அரசாங்கம் ஓவியர்களுக்கும் சம்பளம் கொடுத்துப் பொதுக் கட்டடங்களில் தீட்டச் செய்தது. அத்திட்டத்தில் கார்க்கி நியூவார்க் விமான நிலையத்துக்கென 1935 முதல் 1937 வரை பத்துப் பெரிய சுவரோவியங்கள் தீட்டினார். பிற்காலத்தில் அச்சுவர்களின்மேல் பூச்சுக்குமேல் பூச்சு அடித்துவிட்டனர். 1970-களில் சுரண்டிப் பார்த்தபோது இரண்டு மட்டும் உயிருடன் வெளிப்பட்டன. அவருடைய வாழ்வுக்கே அது உவமையாகும். மேலே எத்தனை பூச்சு இருப்பினும் அடியில் இருப்பது அழிவதில்லை.

1942-ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போரின்போது, அவர் மற்றொரு பாடம் நடத்தினார். பகைவர் கண்ணுக்குப் புலப்படாதவாறு பொருள்களை வண்ணத்தால் உருமறைப்பது எவ்வாறு என்று ஓவியர்க்குக் கற்பிக்கும் வகுப்பு அது. முதற்போரில் ஊரிழந்த குழந்தை, அடுத்த போரில் மறைத்தற்கலைக்கு ஆசிரியராயிற்று! தம்மையே இருபதாண்டு உருமறைத்து வாழ்ந்தவரைக் காட்டிலும் அக்கலைக்குத் தக்க ஆசான் யார்?

ஆனால் அதே காலத்தில் உறை விலகத் தொடங்கியது. 1940 முதல் அவர் தீட்டிய ஒரு வரிசைக்கு 'சோச்சியில் ஒரு தோட்டம்' என்று பெயர். சோச்சி என்பது கருங்கடற்கரையில் உள்ள ருஷ்ய ஊர். பெயரில் இன்னும் மறைவு இருக்கிறது. ஆனால் 1942-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு அப்படத்தைப் பற்றி அவர் எழுதிக்கொடுத்த குறிப்பில் வருவதோ அவர் தந்தையின் தோட்டம். அங்கே ஆப்பிள் மரங்கள் நின்றன. இலையுதிர்ந்த புனித மரம் ஒன்றும் நின்றது. வழிப்போவோர் தம் ஆடையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அதில் கட்டி வேண்டிக்கொள்வர். காற்றில் அத்துணிகள் படபடக்கும். இதைப் படித்ததும் எம் ரோமம் சிலிர்த்தது. நம் ஊர் அம்மன் கோயில் மரத்தில் பிள்ளைவரம் வேண்டி மஞ்சள் துணித்தொட்டில் கட்டும் தாய்மார் நம் கண்முன் நிற்கவில்லையா?

1941-இல் அவருக்குத் திருமணமாயிற்று. 1943-லும் 1945-லும் இரு பெண்குழந்தைகள் பிறந்தன. 1943 கோடையில் வர்ஜீனியா மாநிலத்தில் மாமனாரின் பண்ணையில் தங்கினார். நகரத்து அறையில் அடைந்து கிடந்தவர், புல்வெளியில் அமர்ந்து செடியையும் விதையையும் பூச்சியையும் வரையலானார். கண் காண்பது வர்ஜீனியாப் புல். கை வரைவதோ கோர்கோம் தோட்டம். அன்றுதான் இரவல் பாணிகள் உதிர்ந்தன. வண்ணம் நீர்போல் ஒழுகியது. கோடு கொடிபோல் ஓடியது. இவ்வகை ஓவியத்தில் உருவம் இன்னதென்று சுட்ட இயலாது. ஆயினும் இதயம் அறிந்துகொள்ளும்.

அடுத்த ஆண்டு, 1944-இல், அவர் ஒரு படம் தீட்டினார். இன்று அது சியாட்டில் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பெயர் 'என் அன்னையின் பூவேலை ஏப்ரன் என் வாழ்வில் விரியும் விதம்'. அன்பர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். தாயின் உருவப்படத்தில் வெறுமையாய் விட்ட ஏப்ரன் அது. கால் நூற்றாண்டுக்குப் பின், தாயும் இல்லாத, முகமும் இல்லாத வேறொரு படத்தில், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய் அதன் பூக்கள் திரும்பி வந்தன! யாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இது. பூக்கள் எங்கும் போகவில்லை. வேளை வரும்வரை அவருள்ளே காத்திருந்தன.

எஞ்சிய கதை துயரமானது; சுருக்கமாகவே சொல்வோம். 1946 ஜனவரியில் அவர் தீட்டுங்கூடம் தீப்பற்றி இருபதுக்கு மேற்பட்ட படங்கள் எரிந்தன. மார்ச்சு மாதம் புற்றுநோய்க்காகப் பெரிய அறுவை நடந்தது. 1948 ஜூனில் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, தூரிகை பிடிக்கும் கையும் சிலகாலம் செயலிழந்தது. குடும்பமும் பிரிந்தது. அடுத்த மாதம், ஜூலை 21-ஆம் நாள், தாமே தம் வாழ்வை முடித்துக்கொண்டார். வயது நாற்பத்து நான்கு. ஏறத்தாழ எம் வயது. அவருக்குப் பின்வந்த அமெரிக்க ஓவியர் பலர் அவரைத் தம் முன்னோடியாகக் கொண்டனர். ஹாலந்திலிருந்து குடியேறிய டி கூனிங் அவர்தம் உற்ற நண்பர். அவரிடம் கற்றதைக் கடைசிவரை நன்றியோடு பாராட்டியவர்.

பெரியோர்களே! கார்க்கியின் துன்பத்தோடு நம் வாழ்வை ஒப்பிடுதல் முறையன்று. நம்மில் பெரும்பாலோர் உத்தியோக உத்தரவோடும் ரயில்வே பாஸோடும் இங்கு வந்தோம். நம்மை யாரும் விரட்டவில்லை. விரும்பினால் ஊர் சென்று திரும்பலாம். ஆனால் நம் காலனியில் விரட்டப்பட்டு வந்தோரும் உண்டு. பர்மாவிலிருந்து நடந்து வந்தோர் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அடுத்த தெருவில் 1947-க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோரின் மக்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய புகைப்படங்கள் இருக்கும்.

இனி அந்தத் தகர டின்னுக்கு வருவோம். எமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பள்ளித் தோழர் நால்வர் வீட்டுக்கு வந்திருந்தனர். ஒருவன் கட்டிலுக்கடியில் பந்தைத் தேடுகையில் டின் உருண்டு திறந்தது. வறுத்த அரிசி தரையெங்கும் சிதறியது. 'உங்கள் வீட்டில் அரிசியை ஒளித்தா வைப்பீர்கள்?' என்று அவர்கள் சிரித்தனர். எமக்கு அவமானம் பொறுக்கவில்லை. எஞ்சிய அரிசியை அள்ளி வாசலில் காக்கைகளுக்கு வீசினோம். பாட்டியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாசலில் குந்தி, மண்ணிலிருந்து ஒவ்வோர் அரிசியாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மாலை வெகுநேரம் பொறுக்கினார். மறுநாள் டின் மீண்டும் நிறைந்திருந்தது.

அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்கிடையில் ஆயிரம் மாலைப்பொழுதுகள் எமக்குக் கிடைத்தன. 'பாட்டி, வழியில் என்ன நடந்தது? உங்கள் தாயார் பெயர் என்ன?' என்று ஒருநாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எம் கொள்ளுப்பாட்டியின் பெயர் இன்று எமக்குத் தெரியாது. கார்க்கி தம் பெயரை மறைத்தார். ஆனால் தாயை மறக்கவில்லை. யாமோ பெயரை மறைக்கவில்லை, கேட்காமலே இழந்தோம். இரண்டில் எது பெரிய பிழை என்று எம்மால் சொல்ல இயலவில்லை.

ஆதலின் எம் வேண்டுகோள் ஒன்றே. நம் சங்கத்தார் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனி முதியோர் வீட்டுக்கு இளைஞர் இருவரை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புக. அவர் சொல்வதை எழுதிக்கொள்க. பழைய புகைப்படத்தில் உள்ளோர் பெயரைப் படத்தின் பின்புறம் பென்சிலால் குறித்து வைக்க உதவுக. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டா. அவர் அருகில் அமர்ந்திருந்தாலே போதும். அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கங்களை அவர்களுக்கென ஒதுக்குமாறு மலர்க்குழுவினரை வேண்டுகிறோம்.

மாணவ மணிகளே! உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் பொருளற்றது போல் தோன்றும் ஒன்றைச் செய்தால் நகையாதீர்கள். அந்த டின்னில் என்ன இருக்கிறது என்று இன்றிரவே கேளுங்கள்.